லோக்கலில்தானே ஓட்டினேன்!

“சார், நான் லோக்கலில்தான் டெஸ்ட் ஓட்டினேன். ஆனால் லைவில் கஸ்டமர் டேபிள் காலியாக இருக்கிறது.”

இந்த வருடம் எனக்கு வந்த மூன்றாவது போன் இது. லோக்கல் என்றால் டெவலப்பரின் சொந்தக் கணினி, லைவ் என்றால் கஸ்டமர்கள் நிஜமாகவே பயன்படுத்தும் ஆப், டேபிள் என்றால் டேட்டாபேஸில் இருக்கும் பட்டியல். ஆள் வேறு, புரொஜெக்ட் வேறு, வசனம் மட்டும் அதேதான். ஏதோ ஒரு பக் லைவ் டேட்டாவில் மட்டும் வருகிறதென்று முந்தைய நாள் டாட் என்வ் ஃபைலில் (முகவரி, பாஸ்வேர்ட், சாவி எல்லாம் எழுதிவைக்கும் .env ஃபைல்) லைவ் டேட்டாபேஸ் முகவரியைப் போட்டிருக்கிறார். திரும்ப மாற்ற மறந்துவிட்டார். மறுநாள் டெஸ்ட் ஓட்டினார். அவர்களுடைய டெஸ்ட், தொடங்கும் முன் டேபிள்களைத் துடைக்கும். துடைத்துவிட்டது.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் 127.0.0.1, கணினி தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. உங்கள் பிரௌசர் அங்கே பேசுகிறது, அவ்வளவுதான். பின்னால் இருக்கும் ஆப் யாரோடு பேசுகிறது என்பது பிரௌசரின் முகவரிப் பட்டையில் தெரியாது. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, மெயில் எந்த வழியாகப் போகிறது, பணம் எந்தக் கேட்வேயில் கழிகிறது என்பதெல்லாம் கன்ஃபிக், அதாவது டாட் என்வ் மாதிரியான அமைப்பு ஃபைல், சொல்கிறபடிதான். அதில் லைவ் சாவி இருந்தால், அந்த நிமிடம் உங்கள் லேப்டாப்பும் ஒரு லைவ் சர்வர். “லோக்கல்தானே சார்” என்று மறுபடியும் சொல்லாதீர்கள். கோடு லோக்கலில் ஓடியது, சரி. டெலீட் ஓடியது எங்கே?

லைவ் டேட்டாபேஸில் எழுதும் உரிமையுள்ள பாஸ்வேர்ட் டெவலப்பர் கணினியில் இருக்கவே கூடாது. பார்த்தே ஆக வேண்டுமென்றால், படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசர் வாங்கிக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் பெயரில் ‘டெஸ்ட்’ என்ற சொல் இல்லாவிட்டால் ஓட மறுக்கும்படி டெஸ்டின் தொடக்கத்திலேயே இரண்டு வரி எழுதிவையுங்கள். பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஜாங்கோ, டெஸ்டுக்கென்று தனி டேட்டாபேஸையே உருவாக்கிக்கொள்ளும். அதையும் மெனக்கெட்டு மாற்றிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மெயிலுக்கு மெயில்பிட் மாதிரி வெளியே போகாமல் பிடித்துவைக்கும் கருவி, பேமெண்டுக்கு நிஜப் பணம் கழியாத டெஸ்ட் சாவி. டாட் என்வ் ஃபைல் தவறி, கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட்டில் ஏறிவிட்டதா? அடுத்த கமிட்டில் (அடுத்த சேமிப்பில்) அழித்தால் போதாது, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். சாவியையே மாற்றுங்கள்.

அப்புறம், போனில் பார்க்க வேண்டும் என்று ஆப்பை 0.0.0.0-இல், அதாவது கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், திறந்துவிட்டுப் பொது வைஃபையில் உட்காராதீர்கள். ஃபயர்வால் தடுக்காவிட்டால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம். பிழையின் உள்விவரங்களைத் திரையில் காட்டும் டீபக் மோடும் ஆன் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தவறு நடந்துவிட்டால் ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள், யாரும் கடித்துவிட மாட்டார்கள். இந்த முறை கூப்பிட்டவர் இரண்டு மணி நேரம் தானே சரிசெய்து பார்த்திருக்கிறார். அதற்குள் காலி டேபிளில் புதுக் கஸ்டமர்கள் பதிவாகத் தொடங்கிவிட்டார்கள். பேக்கப் இருந்தது, ஆனால் அதை அப்படியே திருப்பிப் போட முடியவில்லை. பழையதையும் புதியதையும் வரிசை வரிசையாகச் சேர்த்து முடிக்க விடிந்துவிட்டது.