கர்ப்ப காலத்தில் கணுக்கால் அரித்தால் சிரையையும் பாருங்கள்

கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக அரிக்கிறது, சொறிந்து சொறிந்து கறுத்துவிட்டது என்று வரும் கர்ப்பிணிகளில் பலர், படை என்று நினைத்து ஏதாவது ஒரு களிம்பைத் தடவிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். முதலில் அவர்களைச் சற்று நேரம் நிற்கச் சொல்வேன். சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். படுத்திருக்கும்போது கண்ணில் படாத வெரிகோஸ் சிரைகள், அதாவது வீங்கி முறுக்கிக்கொண்ட சிரைகள், நின்றதும் புடைத்துக்கொண்டு வெளியே தெரியும். அரிப்புக்கு வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிரைச் சுவர்களைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரை வால்வுகள் முன்பே பழுதாகியிருந்தால் கேட்கவே வேண்டாம், ரத்தம் காலிலேயே தேங்கும். அழுத்தம் ஏற ஏற, நுண்குழாய்களிலிருந்து நீரும் சிவப்பணுக்களும் தோலுக்குள் கசியும். அந்த அணுக்கள் சிதைந்து விட்டுப்போகும் இரும்புதான் பழுப்புக் கறை. அழற்சியும் சேர்ந்தால் செதில், நீர்க்கசிவு, அரிப்பு எல்லாம் வரும். கவனிக்காமல் விட்டால் தோல் இறுகி, லேசாக இடித்துக்கொண்டால்கூட ஆறாத புண்ணாகிவிடும்.

பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். கர்ப்பத்தில் தோன்றிய சிரைகள் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் சுருங்கும், உண்மைதான். ஆனால் கறையும் இறுகிய தோலும் அவ்வளவு எளிதில் போகாது. அதனால்தான் இப்போதே கவனியுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

களிம்பைவிட முக்கியம் அழுத்தக் காலுறை. பாதத்தில் நாடித்துடிப்பைச் சரிபார்த்து, அளவெடுத்து, மருத்துவர் சொல்லும் அழுத்தத்தில் வாங்க வேண்டும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், கால் வீங்கிய பிறகு போடுவது சிரமம். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள், இடப்பக்கம் சாய்ந்து படுங்கள், நடப்பதை நிறுத்தாதீர்கள். தோலுக்கு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போதும். அரிப்பு தாங்கவில்லை என்றால் மிதமான ஸ்டீராய்டு களிம்பைக் குறுகிய காலம், மருத்துவர் சொன்னபடி கர்ப்பத்திலும் போடலாம். நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த களிம்புகள் வேண்டாம், ஏற்கெனவே நொந்த இந்தத் தோலில் ஒவ்வாமை சட்டென்று வரும். சிரைகளுக்கான லேசர், ஊசி சிகிச்சை எல்லாம் பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கால் மட்டும், குறிப்பாக இடது கால், திடீரென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு ஆளை அழையுங்கள்.

இன்னொன்று. தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரித்தால், அது சிரைத் தொல்லை இல்லை, கல்லீரலில் பித்தம் தேங்கியதால் இருக்கலாம். குழந்தையையும் பாதிக்கக்கூடியது என்பதால், உடனே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிப் பித்த அமிலத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.