ஹெவி ராடு வாங்கும் முன் லூரை எடை போடுங்கள்

“அண்ணா, பத்துக் கிலோ மீன் தாங்குற மாதிரி ஒரு ஹெவி ராடு குடுங்க.” சேலத்தில் தூண்டில் சாமான் விற்று, உடைந்த ராடையும் சரிசெய்து கொடுக்கும் என்னிடம் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன எடையை வீசப் போறீங்க?

ஹெவி என்பது மீனின் எடையைச் சொல்லும் வார்த்தை இல்லை, ராடு எவ்வளவு விறைப்பு என்பதைச் சொல்வது. கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் இரண்டு கணக்கு போட்டிருக்கும். ஒன்று லூரின், அதாவது முள்ளோடு வரும் செயற்கை இரையின் எடை, கிராமிலோ அவுன்ஸிலோ. ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். இன்னொன்று தூண்டில் நரம்பின் பலம், பவுண்டில். அந்தப் பவுண்டை மீனின் எடை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கம்பெனியின் ஹெவி இன்னொரு கம்பெனிக்கு மீடியம் ஹெவி. அதனால் பெயரை விடுங்கள், கிராமைப் பாருங்கள்.

இந்த ராடு அமெரிக்காவில் பாஸ் மீனுக்குப் பேர் போனது. லார்ஜ்மவுத் பாஸ் நம் காவிரிக்கு உரிய மீன் இல்லை. ஆனால் அதைப் போலவே செடிக்குள் பதுங்கி நின்று பாய்ந்து கவ்வும் விரால் நம்மிடம் உண்டு. ஆகாயத்தாமரை அடைத்த ஏரியில் தவளை லூர் போடுகிறவர்களுக்கும் இதே ராடுதான் ஒத்துவருகிறது. ஜிக் என்ற லூரில் ஈயத்தலை, தடித்த முள், முள்ளில் செடி மாட்டாமல் காக்கும் நார்க்கொத்து எல்லாம் இருக்கும். நாம் இழுக்கும் ஒரே இழுப்பில் அந்த நார் மடங்கி, கெட்டியான வாயில் முள் ஏற வேண்டும். அடிவரை வளைந்து கொடுக்கும் ராடால் அது ஆகாது. நுனிப்பக்கம் வளைந்து, கீழ்ப்பாதி விறைப்பாக நிற்க வேண்டும். இதைத்தான் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்கிறோம். 7 அடி, ஏழேகால் அடி நீளம் போதும். பெரிய ரப்பர் மீன் வீசுகிறவர்கள் மட்டும் ஏழரை அடிக்கு மேல், இன்னும் கொஞ்சம் இதமாக வளைவதை எடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் உடைந்த ராடோடு வந்தார். மேட்டூரில் வீசும்போதே நுனியிலிருந்து ஒரு சாண் கீழே முறிந்துவிட்டது. முறிந்த இடத்தில் கார்பன் இழைகள் துடைப்பக் குச்சி மாதிரி பிரிந்து நின்றன. ராடில் 10 முதல் 30 கிராம் என்று தெளிவாக இருந்தது. “21 கிராம்தான் போட்டேண்ணா” என்றார். வெள்ளி நிறுக்கும் தராசை எடுத்துவரச் சொல்லி, லூரை அப்படியே அதில் வைத்தோம். 58 கிராம். பாக்கெட்டில் இருந்த 21, வெறும் ஈயத்தலையின் எடை. அதில் மாட்டிய ரப்பர் மீனை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது, பாவம், காசு போகிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஹெவி வாங்கவும் வேண்டாம். 8 கிராம் லூரை ஹெவி ராடில் கட்டினால் ராடு வளையாது, லூர் தூரம் போகாது. கோபத்தில் ஓங்கி வீசினால் பெய்ட்காஸ்டிங் ரீலில், அதாவது வீசும்போது உருளையே சுழன்று நரம்பை விடும் ரீலில், நரம்பு சிக்கிக் கூடுகட்டிவிடும்.

அப்புறம், கரைக்கு வந்த மீனை ராடைத் தலைக்கு மேல் தூக்கி இழுக்காதீர்கள். பாரம் முழுவதும் மெல்லிய நுனியில் இறங்கும், பட்டென்று போய்விடும். கனமான ஜிக் ராடில் இடிபட்டால் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் சில சமயம் தட்டும். ராடில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, பிரைடு எனும் பின்னல் நரம்பை அது அறுத்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதை எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். கார்பனில் மின்சாரம் பாயும். ஏற்காடு பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஏரிக்கரையை விட்டு ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஏரிக்கரையில் மின்கம்பி போகும் இடத்தில் வீசவே வேண்டாம். லூர் கம்பியில் மாட்டிக்கொண்டால் ராடால் தட்டாதீர்கள், நரம்பையும் இழுக்காதீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு விலகி நின்று மின்வாரியத்துக்கு போன் போடுங்கள். லூரைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.