ஹேங்கருக்குக் கையெழுத்துப் போடும் முன் கதவை அளந்து பாருங்கள்

அமெரிக்காவின் பல சிறிய விமான நிலையங்களில் ஹேங்கருக்கு, அதாவது விமானத்தை நிறுத்திவைக்கும் கொட்டகைக்கு, காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், இடம் காலியானதும் வாடகையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். விமானத்துக்கு அடிபடுவதும் காப்பீட்டில் சிக்கல் வருவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் கதவு. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் இறக்கை அகலம் 36 அடி 1 அங்குலம். 40 அடிக் கதவில் பக்கத்துக்கு இரண்டடிகூட மிஞ்சாது. அதே கதவில் சிரஸ் எஸ்ஆர்22 என்ற இன்னொரு சிறிய விமானம் நுழைந்தால் (38 அடி 4 அங்குலம்) பக்கத்துக்கு வெறும் 10 அங்குலம்தான். ஒருவர் தனியாக டோ பார் (முன்சக்கரத்தில் மாட்டி விமானத்தை நகர்த்தும் கம்பி) பிடித்துப் பின்னோக்கித் தள்ளும்போது அது போதாது. தரையில் நடுக்கோடும் முன்சக்கரம் நிற்க வேண்டிய இடமும் பெயின்டால் குறித்துவைப்பது நல்லது.

அகலத்தை அளப்பவர்கள்கூட உயரத்தைக் கோட்டை விடுகிறார்கள். இரண்டாக மடிந்து மேலேறும் பை-ஃபோல்ட் கதவு, முழுதாகத் திறந்த பிறகும் வாசலின் மேற்பகுதியில் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். கதவைத் திறந்துவைத்து, அதன் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். 172-இன் வால் உயரம் 8 அடி 11 அங்குலம் என்று கையேடு சொல்லும். முன்சக்கரத்தின் அதிர்வுதாங்கியான ஸ்ட்ரட்டில் காற்று இறங்கினால் மூக்கு தாழ்ந்து வால் அதற்கும் மேலே போகும்.

ஒரே விமானத்துக்கான தனி அறையான டி-ஹேங்கரில் உங்கள் விமானத்தை நீங்கள் மட்டும்தான் நகர்த்துவீர்கள். பல விமானங்களை நெருக்கி நிறுத்தும் பொது ஹேங்கரில் ஊழியர்கள் நகர்த்துவார்கள். வாடகை குறையலாம், ஆனால் உரசல் ஆபத்து கூடும். முன்சக்கரத்தை இரு பக்கமும் 30 டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது என்பது 172-க்கான விதி. டிராக்டரால் இழுப்பவர் அதை மீறினால் முன்சக்கர அமைப்பே சேதமாகும். உங்கள் விமானத்துக்கான வரம்பை எழுதி டோ பாரிலேயே ஒட்டிவிடுங்கள். டாங்கை விளிம்புவரை நிரப்பி வெயிலில் சூடேறும் ஹேங்கரில் விட்டால், பெட்ரோல் விரிந்து டாங்கின் காற்றுத் துளையான வென்ட் வழியே சொட்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அமெரிக்க மின்விதிகள் ஹேங்கர் தரையிலிருந்து 18 அங்குலம்வரை அபாயப் பகுதியாகக் கருதுவது இதனால்தான். தரையில் வைக்கும் ஹீட்டருக்கு அங்கே இடமில்லை.

ஒப்பந்தத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது காப்பீட்டுப் பத்தி. கூரை சரிந்து விமானம் நொறுங்கினால், உங்கள் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, தவறு செய்த ஹேங்கர் உரிமையாளரிடம் அதைக் கேட்டு வாங்கப் பார்க்கும். பல ஒப்பந்தங்கள் இந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கச் சொல்கின்றன. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் அதில் கையெழுத்திட்டால் இழப்பீடே சிக்கலாகலாம். அந்தப் பக்கத்தை முதலில் உங்கள் காப்பீட்டு முகவருக்கு அனுப்புங்கள். கதவு மோட்டாரும் கேபிளும் பழுதானால் யார் செலவு, எத்தனை நாள் முன்னறிவிப்பில் காலி செய்யச் சொல்லலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கூட்டாட்சி நிதி பெற்ற விமான நிலையங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2016-இல் வெளியிட்ட ஹேங்கர் கொள்கை 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. விமானத்தை வைப்பது, பழுதுபார்ப்பது, சொந்தமாகக் கட்டுவது எல்லாம் சரி. விமானத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை ஒரு சோபாவும் ஃபிரிட்ஜும் இருக்கலாம். குடியிருக்கக் கூடாது, ஓடாத விமானத்தைக் காலவரையின்றிப் போட்டுவைக்கவும் கூடாது. பைலட் உரிமம் உள்ள உரிமையாளர் ஆயில், டயர் மாற்றுவதை விமானச் சட்டம் அனுமதித்தாலும், ஹேங்கருக்குள் அதைச் செய்ய ஒப்பந்தம் தடுக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஈரம். வெளியே கட்டிவைப்பதைவிட ஈரமான ஹேங்கர் மேல் என்று நினைத்துவிட வேண்டாம். அலுமினியத்தையும் எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டையும் ஈரம் சத்தமில்லாமல் அரிக்கும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் தரை ஈரத்தை மேலே இழுக்கிறது. மூலைகளில் எலிப் புழுக்கை கிடந்தால் அதுவும் அதே அளவு கெட்ட செய்தி. எலி இறக்கைக்குள் கூடு கட்டும், அதன் சிறுநீர் அலுமினியத்தைத் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆண்டுப் பரிசோதனையில் மூடியைக் கழற்றும்போதுதான் தெரியும்.