ஆயத்தப்பொருள் (ரெடிமேட்)

தொழிற்சாலையில் செய்து கடையில் விற்கும் சாதாரணப் பொருள் ஒன்றைக் கலைஞர் தேர்ந்தெடுத்துக் கலைப்படைப்பாக முன்வைத்தால், அதற்கு ரெடிமேட் என்று பெயர். செதுக்குவதில்லை, வரைவதில்லை, தலைப்பிடுவார், கையெழுத்திடுவார், சில நேரம் வேறு பொருளோடு பொருத்துவார்.

சொல் வந்தது துணிக்கடையிலிருந்து. அளவெடுக்காமல் முன்பே தைத்து விற்ற உடைகளுக்கான ஆங்கிலச் சொல் அது. 1915இல் நியூயார்க் சென்ற பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் அதைக் கலைக்கு இழுத்து வந்தார். பொருள் முந்தி, பெயர் பிந்தி: 1914இலேயே பாரிஸில் புட்டிகளை உலர்த்தும் இரும்புச் சட்டம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். 1916 தொடக்கத்தில் தங்கை சுசானுக்குக் கடிதம் எழுதி, அந்த இரும்புச் சட்டத்தில் தன் பெயரைப் பொறிக்கச் சொன்னார். தங்கையோ அண்ணனின் பாரிஸ் அறையைக் காலி செய்தபோதே அதைக் குப்பையில் போட்டுவிட்டார்!

1917இல் துஷாம்பின் பீங்கான் சிறுநீர்க்கலம் ஒன்று 'நீரூற்று' என்ற தலைப்பிலும் 'ஆர். மட்' என்ற புனைபெயர்க் கையெழுத்திலும் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்குச் சென்றது. 6 டாலர் கட்டிய எவரும் தேர்வுக்குழு இல்லாமல் படைப்பை வைக்கலாம் என்பது விதி. ஆனாலும் அதை வைக்க மறுத்தார்கள். அந்த மூலப் பொருள் தொலைந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் 1964இல் பழைய புகைப்படத்தைப் பார்த்துத் தனியே செய்வித்த பிரதிகள். ஆலைப் பொருளுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

இது கலைதானா? ஆம் என்பேன், ஆனால் வளைவு நெளிவின் அழகுக்காக அல்ல. அழகும் அழகின்மையும் உறுத்தாத பொருளையே தேடியதாக 1961இல் துஷாம்பே சொன்னார். எது கலை, யார் தீர்மானிப்பது என்று அந்தக் கண்காட்சியையே திணற வைத்ததுதான் படைப்பு. அதே வேலையை இன்று வேறொருவர் செய்தால், அது வெறும் சிறுநீர்க்கலம்தான்.

தமிழில் 'ஆயத்த ஆடை' ஏற்கெனவே புழங்குவதால், 'ஆயத்தப்பொருள்' என்பதே பொருத்தம்; துணிக்கடை வாசனையும் போகாது. 'ஆயத்தம்' என்பதற்குத் தனித்தமிழ் விரும்புவோர் சொல்லும் 'அணியம்' நல்ல சொல்தான். ஆனால் 'அணியப்பொருள்' என்றால் நகை என்று படித்துவிடுவார்கள். 'ஆயத்தக் கலை' தவறு: ஆயத்தமாக இருப்பது பொருள், கலை அல்ல. 'கண்டெடுத்த பொருள்' வேறு வகை. கரை ஒதுங்கிய மரத்துண்டும் கூழாங்கல்லும்கூட அதில் அடங்கும்.