ரீஃப் தொட்டியில் கேஹெச்: பஃபர் டப்பாவைத் திறப்பதற்கு முன்

சிங்கப்பூரில் வீடுகளில் இருக்கும் ரீஃப் தொட்டிகளை, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். புதிதாக ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டால் பவளங்களைப் பார்ப்பதற்கு முன் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத்தான் திறப்பேன். அங்கே பிஹெச்சை ஏற்றப் போடும் பஃபர் பொடி டப்பா பாதி காலியாக இருந்தால், விஷயம் பாதி விளங்கிவிடும்.

நடப்பது பெரும்பாலும் ஒன்றேதான். வீவக வீடு (அரசு அடுக்குமாடி), வரவேற்பறையில் தொட்டி, ராத்திரி முழுக்க ஜன்னலை அடைத்து ஏர்கான். நாலு பேர் மூச்சு விடும் வீட்டில் கரியமில வாயு சேர்ந்து, தண்ணீரில் கரைந்து, பிஹெச் 7.8 வரை இறங்குகிறது. காலையில் மீட்டரைப் பார்த்தவர் ஒரு ஸ்பூன் பஃபர் போடுகிறார். கொஞ்ச நேரம் பிஹெச் ஏறி நிற்கும். மறுநாள் பழையபடி 7.8. இன்னொரு ஸ்பூன். பிஹெச் நகர மறுக்கிறது, ஆனால் யாரும் அளக்காத ஆல்கலினிட்டி, அதாவது கேஹெச், 8 டிகேஹெச்சில் (அதை அளக்கும் அலகு) இருந்து 13 வரை போய்விடுகிறது. அப்புறம்தான் அக்ரோபோரா என்ற கடினப் பவளத்தின் கிளை நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து, எனக்கு போன் வரும்.

பிஹெச் குறைந்ததற்குக் காரணம் அறையின் காற்று. அதற்கு மருந்தும் காற்றுதான்: பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்கிம்மர் (குமிழி விட்டுக் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றை உறிஞ்சும் குழாயை வெளியே பார்த்து நீட்டிவிடுங்கள். 7.8லேயே நிதானமாக வளரும் பவளங்களை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். ஆல்கலினிட்டி வேறு விஷயம். தண்ணீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட், கொஞ்சம் போரேட் எல்லாம் சேர்ந்து எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதன் அளவு அது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட அந்த பைகார்பனேட்டையும் கால்சியத்தையும்தான் எடுத்துக்கொள்கிறது.

இயற்கைக் கடல்நீரில் இது சுமார் 7 டிகேஹெச். வீட்டுத் தொட்டிக்கு 7.5 முதல் 9 வரை எதுவும் சரி. எட்டா, எட்டரையா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 7.5ஆகவே இருக்கும் தொட்டி நன்றாக இருக்கும். திங்கட்கிழமை 7, வியாழக்கிழமை 10 என்று ஆடும் தொட்டியில்தான் பவளம் சாகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட பூஜ்யமாக வைத்திருப்பவர்கள் மேல் எல்லையைத் தொடாமல் இருப்பது நல்லது. நுனி வெளுப்பது அப்படிப்பட்ட தொட்டிகளில்தான் அதிகம்.

கால்சியத்தை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் இவ்வளவு விடாமல் அளக்க வேண்டும்? ஒரு கணக்கு சொல்கிறேன். பவளம் 2.8 டிகேஹெச் எடுத்துக்கொள்ளும்போது கூடவே சுமார் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியம் எடுக்கிறது. தொட்டியில் உள்ள 420 பிபிஎம்மில் 20 போனால் ஐந்து சதவீதம்கூட இல்லை, டெஸ்ட் கிட்டில் தெரிவதே கஷ்டம். ஆனால் 8இல் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. ஒரே வேலை நடந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது கேஹெச்தான். கால்சியத்தை வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும், மெக்னீசியத்தை மாதம் ஒரு தடவை. மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கத்தில் இருக்கட்டும். ரொம்பக் குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் தாமாகவே சேர்ந்து படிந்துவிடும். எவ்வளவு ஊற்றினாலும் அளவு நிற்காது.

இனி அளக்கும் விதம். போன மாதம் ஒரு தம்பி போன் பண்ணினார்.

"அண்ணே, கேஹெச் ஆறரை காட்டுது. எவ்வளவு ஊத்தட்டும்?"

"ஒண்ணும் ஊத்தாதீங்க தம்பி. முதல்ல உப்பு எவ்வளவு இருக்குன்னு பாருங்க."

உப்பு 30 பிபிடிதான் (ஆயிரத்தில் 30 பங்கு) இருந்தது. 35 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால் கேஹெச், கால்சியம், மெக்னீசியம் எல்லாமே அதே விகிதத்தில் குறைவாகத்தான் காட்டும். உப்பைச் சில நாட்களில் மெல்லச் சரிசெய்ததும் கேஹெச் ஏழரைக்கு வந்துவிட்டது. பஃபருக்கு வேலையே இல்லை.

கிட் விஷயத்தில் நான் பார்க்கும் தவறுகள் எல்லாம் சின்னச் சின்னவை. சாலிஃபெர்ட் போன்ற ஊசிக்குழல் கிட்டில் நுனியை மாட்டி திரவத்தை இழுத்தால் பிஸ்டனுக்கு அடியில் கொஞ்சம் காற்று நிற்கும். அது நுனிக்குள் இருந்த காற்று, கவலைப்பட வேண்டாம். திரவத்தின் மட்டத்தைப் படிக்காமல், பிஸ்டனின் கறுப்புப் பகுதியின் கீழ் விளிம்பை 1.00 கோட்டில் வைத்துத் தொடங்குங்கள். முடிவிலும் அதே விளிம்பைப் படியுங்கள். துளி விழ விழக் குலுக்க வேண்டும். நீலப்பச்சை மாறி ஆரஞ்சுச் சிவப்பு நிலைத்து நிற்கும் இடம்தான் முடிவு. இதைத் தொட்டி விளக்கின் நீல ஒளியில் பார்க்காதீர்கள். சமையலறைக்குக் கொண்டுபோய் வெள்ளை விளக்கில், பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள்.

ஹேனா செக்கர் என்ற கையடக்க மின்னணு மீட்டரில் எண்ணே திரையில் வந்துவிடுவதால் ஆட்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அதன் பிழை வரம்பு 0.3 டிகேஹெச், அதற்கு மேல் அளவில் 5 சதவீதம். அதாவது திரையில் 8.0 என்றால் உண்மை 7.3ஆகவும் இருக்கலாம், 8.7ஆகவும் இருக்கலாம். நேற்று 8.1, இன்று 7.9 என்று டோஸை மாற்றுகிறவர் மீட்டரின் தடுமாற்றத்துக்குத்தான் மருந்து கொடுக்கிறார். குப்பியைத் துணியால் துடைத்து, கைரேகை, குமிழி எதுவும் இல்லாமல் வையுங்கள். மாதிரித் தண்ணீரில் மணல் துகள் இருந்தால் அமிலத்தில் அது கரைந்து அளவைக் கூட்டிவிடும்.

கிட்டையே சோதிக்க வீட்டில் ஒரு வழி இருக்கிறது. சுத்தமான ஆப்ப சோடா 2.52 கிராம் எடுத்து, ஆர்ஓ டிஐ தண்ணீரில் (உப்புகளை நீக்கிச் சுத்தம் செய்த தண்ணீர்) கரைத்து, சரியாக 1 லிட்டர் ஆக்குங்கள். இது 84 டிகேஹெச். அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்கினால் 8.4 டிகேஹெச். உங்கள் கிட் இதை எவ்வளவு என்று சொல்கிறதோ அதை டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள். 9.2 என்றால் உங்கள் கிட் 0.8 கூடச் சொல்கிறது, அவ்வளவுதான். ஊசிக்குழல் கிட்டாக இருந்தால் தூக்கிப் போடவும் வேண்டாம், கழித்துக்கொண்டால் போதும். செக்கரின் ஒளிமானி கடல்நீருக்கென்று அமைத்தது என்பதால் நன்னீர்க் கரைசலில் கொஞ்சம் விலகலாம். அதற்குத் தயாரிப்பாளர் விற்கும் ஸ்டாண்டர்டை வாங்குவது மேல்.

அளவு நம்பகமானது என்று தெரிந்த பிறகு தொட்டி ஒரு நாளில் எவ்வளவு கேஹெச் செலவழிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். டோஸிங்கை (தினமும் கரைசல் விடுவதை) நிறுத்திவிட்டு இன்று இரவு எட்டு மணிக்கு அளங்கள். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளங்கள். 8.6 என்பது 7.4 ஆகியிருந்தால் நாளுக்கு 0.4. ஒரே நாள் இடைவெளியில் கிட்டின் பிழையே இதைவிடப் பெரிதாக இருக்கும், அதனால்தான் மூன்று நாள். தொட்டி நிறையப் பவளம் இருந்து, அளவு சட்டென்று இறங்கும் என்று தெரிந்தால் இரண்டு நாளோடு நிறுத்திவிடுங்கள்.

100 லிட்டரில் 1 டிகேஹெச் ஏற்ற ஆப்ப சோடா 3 கிராம் வேண்டும், சோடியம் கார்பனேட் என்றால் 1.9 கிராம். பாறையும் மணலும் போக உண்மையான தண்ணீர் 200 லிட்டர், நாளுக்கு 0.4 செலவு என்றால் தினமும் 2.4 கிராம் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, சம்ப்பில் (கீழே உள்ள துணைத் தொட்டி) ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் மெதுவாக விடுங்கள். கால்சியம் கரைசலும் இதுவும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழக் கூடாது. விழுந்தால் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, இரண்டும் வீணாகி, பம்ப்பின் சுழலியில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். குறைந்த அளவை உயர்த்துவதாக இருந்தால் நாளுக்கு அரை டிகேஹெச் போதும். ஒன்றைத் தாண்டவே வேண்டாம்.

ஏறிப்போயிருந்தால்? டோஸை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், பவளமே செலவழித்துவிடும். சிலர் வினிகர் ஊற்றுகிறார்கள். அந்த அசிட்டேட்டை பாக்டீரியா தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்பி வந்துவிடும், மிச்சம் பாக்டீரியாப் பெருக்கம்தான். தண்ணீர் மாற்றும்போது உப்பையும் பாருங்கள். ரெட் ஸீ நிறுவனத்தின் கோரல் ப்ரோ உப்பு 12 டிகேஹெச் பக்கம் வரும், அதே நிறுவனத்தின் சாதாரண நீல வாளி 8 பக்கம். 7.5இல் இருக்கும் தொட்டியில் 12 டிகேஹெச் தண்ணீரைப் பாதிக்குப் பாதி மாற்றினால், டோஸே போடாமல் ஒரே மணி நேரத்தில் இரண்டு டிகேஹெச்சுக்கு மேல் ஏறும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: கடினப் பவளங்கள் இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ராமேஸ்வரத்தில் கரையில் கிடந்த துண்டு என்றாலும் எடுக்கக் கூடாது, யாராவது விற்றால் வாங்கக் கூடாது. இங்கே சிங்கப்பூரிலும் பவளங்களை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். கடைக்காரரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

டோஸ் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஹெச் திடீரென்று ஏற ஆரம்பித்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். பெரும்பாலும் பவளம் எடுத்துக்கொள்வதை நிறுத்தியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இது தெரிந்துவிடும். டோஸைப் பாதியாகக் குறைத்துவிட்டு முதலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியைப் பாருங்கள். இந்த ஊர் வெயிலில் அது ஒரு மதியம் நின்றாலே தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அடுத்து உப்பின் அளவு, அதற்கடுத்து டோஸிங் பம்ப்பின் குழாய். பம்ப் 10 மில்லி என்று சொல்லும்போது உண்மையிலேயே 10 மில்லிதான் விழுகிறதா என்று ஒரு அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள்.