"அவனே சிரிப்பானே சார்!"

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன தொழிற்சாலை. ஆறு மாதத்தில் நல்ல ஆட்கள் நான்கு பேர் நின்றுவிட்டார்கள், ஏன் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். மனிதவள ஆலோசகனாக நான் முதலில் கேட்பது ராஜினாமாக் கடிதங்களைத்தான். நான்கிலும் 'சொந்தக் காரணம்'. (வேறென்ன எழுதுவார்கள்?) நின்றவர்களில் ஒரு தம்பியைத் திருமங்கலத்தில் பிடித்தேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை வாயைத் திறக்கவில்லை.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர். இரண்டு நாள் பஸ் பிந்திவிட்டது. "பேரையூர் எக்ஸ்பிரஸ் வந்துருச்சுடா" என்றார் மேனேஜர். ஷிஃப்டே சிரித்தது. அப்புறம் அதுவே பெயராகிவிட்டது. பஸ் ஜன்னலில் அவர் முகத்தை ஒட்டி வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கர் வேறு. முதல் பஸ்ஸைப் பிடித்து அரை மணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தார். பெயர் போகவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆட்களின் வீட்டு விசேஷத்துக்கு மொய்க்கவரோடு போய் நிற்பவர். "சும்மா ஓட்டுறதுதான் சார். அவனே சிரிப்பானே!" என்றார்.

லீவு, ஓவர்டைம், இன்கிரிமென்ட் மூன்றையும் கையில் வைத்திருப்பவர் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது? மதுரைக்காரர்களுக்கு நக்கல் இல்லாமல் டீ இறங்காது, எனக்கும்தான். ஆனால் டீக்கடையில் நாம் ஒன்று சொன்னால் எதிராளி இரண்டு சொல்வான். அந்தத் தம்பி மேனேஜரின் தொப்பைக்கு ஒரு பெயர் வைத்திருக்க முடியுமா?

இன்னொன்று. நம் பக்கத்தில் ஊர்ப்பெயர் வெறும் ஊர்ப்பெயராக நிற்பதில்லை. "அந்த ஊர்க்காரன்தானே, அப்படித்தான் இருப்பான்" என்றால் உள்ளே சாதி ஒளிந்திருப்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

பெண்களிடம் "ராத்திரி தூங்கலையாம்மா?" என்று கண்ணடித்துக் கேட்பதை இன்னமும் கலகலப்பு என்றுதான் நினைக்கிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தலில் சேர்க்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதே அங்கே கேள்வி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை கிடைக்கும்.

மேனேஜர்களுக்கு நான் சொல்வது: எல்லார் முன்னாலும் ஓட்டிவிட்டு, தனியாகக் கூப்பிட்டு "மனசுல வச்சுக்காதப்பா" என்றால் பாதிக் கணக்குதான் தீரும். ஷிஃப்ட் முன்னால் வைத்த பெயரை ஷிஃப்ட் முன்னால்தான் எடுக்க வேண்டும். ஆட்களுக்கு: "சார், அந்தப் பேரு வேணாம் சார்" என்று ஒருமுறை தனியாகச் சொல்லிப் பாருங்கள். சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள். ஸ்டிக்கரை அழிக்க வேண்டாம், சாட்சிக்கு ஆகும்.

அந்த மேனேஜர் என் எதிரிலேயே தம்பிக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில். "கோவமாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று தம்பி சிரித்தார்.

"பாத்தீங்களா?" என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அப்புறம் அவரே போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.