"நேரம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு

"மேடம், எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. நேரந்தான் சரியில்ல." என் எதிரில் வந்து உட்காருகிறவர்களில் பலர் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். திண்டுக்கல் பக்கம் பதினேழு ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். மன அழுத்தம் என்று யாரும் தானாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஜோசியரிடம் போய்விட்டு, கோயிலுக்கும் போய்விட்டு, அப்புறம் தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்க அரசு மருத்துவமனைக்குப் போவார்கள். அங்கிருக்கும் டாக்டர் அனுப்பித்தான் என்னிடம் வருவார்கள்.

சென்ற ஆண்டு அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க, வேறு இரண்டு பேருடைய விவரங்களையும் இதில் கலந்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லோடு. ஐந்து மாதத்தில் தனக்கு நடந்ததையெல்லாம் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி டியூ இரண்டு மாதம் தவறி அபராதம் விழுந்தது. பைக்கிலிருந்து விழுந்து காரை எலும்பு முறிந்தது. வழக்கமாக லோடு கொடுத்தவர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குக் காலில் புண். மச்சானோடு சண்டை, பேச்சு நின்றுபோனது. சட்டைப் பையில் வைத்திருந்த எட்டாயிரம் ரூபாய் எங்கேயோ விழுந்துவிட்டது. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்தது. மிக்ஸி ரிப்பேர். வளர்த்த கோழி இரண்டு செத்தன. "பட்ட கால்லயே படும்னு சொல்வாங்கல்ல மேடம், அதான்" என்றார். பத்து விரலும் மடங்கியிருந்தன.

இதைக் கேட்டதும் "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிடக் கூடாது. அவருக்கு நடந்தது எல்லாமே நிஜம். எலும்பு நிஜமாகத்தான் முறிந்தது.

நான் செய்தது ஒரு சின்ன வேலை. ஒரு நோட்டைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொன்னேன். இடது பக்கம் "தானாக வந்தது", வலது பக்கம் "அதனால் வந்தது". பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பக்கம் எழுதலாம் என்று இருவருமாகப் பேசினோம். பைக்கில் விழுந்த அன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டேன். எழவே இல்லையாம், படுத்தால்தானே எழுவதற்கு! வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் வேறொருவர் லாரிக்கு ராத்திரி டிரைவராகப் போயிருக்கிறார். பகலில் ஃபைனான்ஸ்காரர்கள் போன், ராத்திரி ஸ்டியரிங். விடியற்காலை ஐந்து மணிக்கு வீடு திரும்பும்போது விழுந்திருக்கிறார்.

தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருக்கிறவருடைய கவனம், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருடைய கவனத்துக்குச் சமமாக இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம் வரைதான். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர், குடித்தவர் நிலையில் வண்டி ஓட்டியிருக்கிறார். இதில் சனி பகவானுக்கு என்ன வேலை இருக்கிறது?

எட்டாயிரம் ரூபாயும் அப்படித்தான். கணக்கில் பணம் இருந்தால் டியூவுக்குப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து, ஏ.டி.எம்.மில் மொத்தமாக எடுத்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அம்மாவின் காலில் புண் வந்த கதை கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. மகன் கையில் காசில்லை என்று தெரிந்துகொண்டு, அந்த அம்மா இரண்டு மாதமாகச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை. கஷ்டம் வரும்போது பக்கத்தில் இருப்பதுகூட மூளைக்குத் தெரியாமல் போகும்.

கடைசியில் நோட்டைப் பார்த்தால் இடது பக்கம் நான்குதான் இருந்தன: இன்ஜின், மோட்டார், மிக்ஸி, கோழி. அதிலும் மிக்ஸியும் கோழியும் வேறொரு வருஷம் என்றால் மறுவாரமே மறந்துபோயிருக்கும். நேரம் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டதால் அவையும் கணக்கில் சேர்ந்துகொண்டன. மீதி ஆறும் அந்த இன்ஜினைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அதனால் வந்தது" என்றால் "உன் தப்பால் வந்தது" என்று பொருள் இல்லை. தூங்காதவர் தடுமாறுவார், பணம் இல்லாதவர் ஒளித்து வைப்பார். இது எல்லோருக்கும் பொது. நான் அந்தக் கோட்டைப் போடச் சொல்வது பழி சொல்வதற்காக இல்லை. கிரகத்தால் வந்தது என்றால் அது நகரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தூக்கமின்மையால் வந்தது என்றால் இன்று ராத்திரியே ஏதாவது செய்யலாம்.

தானாக வருகிறவை மட்டும் ஏன் சேர்ந்து சேர்ந்து வருகின்றன என்று கேட்பவர்களிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து இருபது முறை சுண்டி, பூவா தலையா என்று எழுதச் சொல்வேன். நான்கு தடவையில் மூன்று தடவை, அந்த இருபதுக்குள் எங்கோ ஓரிடத்தில் ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறையாவது விழுந்திருக்கும். நாணயத்துக்கு யார் மேலும் கோபம் கிடையாது. தற்செயல் என்பது கோலப்புள்ளி போல இடைவெளி விட்டு வராது, கொத்தாகத்தான் வரும். பஞ்சாபில் குர்மீத் சிங் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 1984-ல் நம் நாட்டுக்கென்றே 51 நிகழ்வுகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். வாழ்க்கைத்துணையின் இறப்பு முதல் மகளின் அல்லது தங்கையின் கல்யாணம் வரை அதில் உண்டு. பெரிய மனநலக் கோளாறு எதுவும் வராத சாதாரண மனிதர்களுக்கே அவற்றில் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு நடக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். சராசரி இரண்டு என்றால், ஒன்றுமே நடக்காத வருஷமும் உண்டு, ஐந்து நடக்கிற வருஷமும் உண்டு. ஒன்றும் நடக்காத வருஷத்தை நாம் எண்ணி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏழரைச் சனிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு ராசிக்கும் பங்கு வைத்தால் ஒன்றுக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசி சேர்ந்தது ஏழரை. ஆக எந்த நாளில் பார்த்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்கள், அதாவது ஊரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர், ஏழரைச் சனியில்தான் இருப்பார்கள். அஷ்டமச் சனி, அர்த்தாஷ்டமச் சனியையும் சேர்த்தால் பன்னிரண்டில் ஐந்து. கஷ்டத்தில் இருக்கிற யார் ஜாதகத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒரு சனி அகப்பட்டுவிடும். அதே மரபுதான் இரண்டாம் சுற்றைப் பொங்கு சனி, அதாவது நன்மை பொங்கும் காலம், என்றும் சொல்கிறது. அதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன் என்றவர்கள் உண்டு. அந்தத் தூக்கம் நல்லது. நான் பயப்படுவது கடன் வாங்கிச் செய்கிற பரிகாரத்தைக் கண்டுதான். ஒரு அம்மா ஐந்து பவுன் நகையை அடகு வைத்து வீட்டில் தோஷ நிவர்த்தி பூஜை செய்தார். வட்டி கட்ட முடியாமல் நகை மூழ்கியது. தோஷம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் நகையும் போயிற்று என்று அதே ஆள் அவரிடம் மறுபடியும் பணம் கேட்டிருக்கிறார். அடகு வைக்கச் சொல்கிற, பணத்தை முன்கூட்டிக் கேட்கிற, வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்கிற பரிகாரம் எதுவாக இருந்தாலும் அதற்குப் போகாதீர்கள்.

சரி, அந்த வண்டிக்காரரிடம் திரும்ப வருகிறேன். மூன்றாவது முறை வந்தபோதுதான் அவர் மனைவி அந்த விஷயத்தைச் சொன்னார். அவர்களுக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எண்ணிப் பாருங்கள், அதே ஐந்து மாதம். "இது பொறந்த நேரம்" என்று மாமியார் ஒருமுறை சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இவர் அந்தக் குழந்தையைத் தூக்கவே இல்லை. "வெறுப்பெல்லாம் இல்ல மேடம், பயமா இருக்கு" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

கெட்ட காலத்துக்கு நம் வீடுகளில் முகம் தேடுகிறோம். அந்த முகம் பெரும்பாலும் புதிதாக வந்தவருடையதாக இருக்கும். பிறந்த குழந்தை, வந்த மருமகள். திருப்பிப் பேச முடியாதவர்களாகப் பார்த்துத்தான் அந்தப் பழி போய் உட்காருகிறது. நான் பிறந்த மூன்றாம் மாதம் என் அப்பாவின் ஜவுளிக்கடை தீப்பிடித்து எரிந்தது. பதினான்கு வயது வரை சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் "ராசியில்லாத பிள்ளை" என்று என்னை ஒதுக்கி நிற்கச் சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள். மஞ்சள் இடிக்கிற உரலுக்குப் பக்கத்தில் போனால் கையைப் பிடித்து விலக்கிவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதிலும், வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் ஒரு கணம் என் நெஞ்சு குற்றவாளியைப் போல அடித்துக்கொள்கிறது. காரணம் தெரிந்த எனக்கே இப்படி என்றால், காரணம் தெரியாமல் வளர்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் தயவுசெய்து அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெரியவர்கள் என்றாலும் நிறுத்துங்கள்.

அவரிடம் நான் சொன்னவை பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. முதலில் தூக்கம். எலும்பு கூடும் வரை ராத்திரி வண்டி வேண்டாம், போனை ஒன்பது மணிக்கு அணைத்துவிடுங்கள் என்றேன். அடுத்து, டியூ தேதிக்கு முன்பே ஃபைனான்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போய், இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்டுவேன் என்று எழுதிக்கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் கையெழுத்துப் பெறுவது. போனை எடுக்காமல் ஒளிவதைவிட இது எவ்வளவோ மேல், அவகாசமும் கிடைக்க வாய்ப்புண்டு. மூன்றாவது, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து உண்மை நிலவரத்தைப் பேசுவது. அந்த அம்மாவின் மாத்திரை விஷயம் வெளியில் வந்தது அப்படிப் பேசியபோதுதான். இன்னொன்றும் சொன்னேன்: ஆறு மாதத்துக்கு இடம் விற்பது, வண்டி மாற்றுவது, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போடுவது எதுவும் வேண்டாம். தொடர்ந்து அடிபட்ட மனம் "எப்படியாவது இது முடிந்தால் போதும்" என்று அவசரப்படும். அந்த அவசரத்தில் போட்ட கையெழுத்தால் வீட்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தையைப் பற்றி நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தினம் சாயங்காலம் பத்து நிமிஷம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கை வலித்தால் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். அடுத்த முறை வந்தபோது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், முறிவு இல்லாத தோளில்.

எல்லோருக்கும் நோட்டும் பேச்சும் மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் சரியாக இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, "நான் இருந்தால்தான் இந்த வீட்டுக்குக் கஷ்டம்" என்று ஒருவர் பேசுகிறார் என்றால் அது கெட்ட நேரம் இல்லை, நோய். அதிலும் அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர் இருப்பார், அங்கே செலவு கிடையாது. உடனே கிளம்ப முடியாவிட்டால் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். என்ன சொல்வது என்று தெரியவில்லையென்றால், "கொஞ்ச நாளா ஒண்ணு மேல ஒண்ணா வருது, தாங்க முடியல" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்பது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியும்.